பழைய காரின் மறுவிற்பனை விலையை நீங்களே கணக்கிடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டு வயதைத் தாண்டிய காரை விற்க நினைப்பவர், அக்கம்பக்கத்தில் யாரோ ஒருவர் விற்ற விலையைக் கேட்டறிந்து, தம் காரின் மேல் தமக்குள்ள பாசத்தையும் அதோடு சேர்த்து ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கார் விலை பார்த்துக் கொடுத்ததில் நான் கண்டது, கணக்கில் தவறுபவர்கள் குறைவு, வரிசையில் தவறுபவர்களே அதிகம் என்பதாகும். காரை முதலில் பார்த்துவிடுபவர் அப்போதே மனத்தில் ஒரு தொகையை வைத்துக்கொள்கிறார். பிறகு அந்தத் தொகைக்குச் சாதகமான விளம்பரங்கள் மட்டுமே அவர் கண்ணில் படுகின்றன. ஆகவே முதலில் தாள், அடுத்து சந்தை, அதன்பின் கார், கடைசியாகக் குறைகளுக்கான கழிவு என்ற வரிசையைக் கீழே பின்பற்றியிருக்கிறேன். விற்பவருக்காக எழுதியிருந்தாலும், வாங்குபவரும் இதே வரிசையில் செல்லலாம்.

1. தொடங்குமுன் சேகரிக்க வேண்டியவை

கெரான் (காரின் பதிவுப் பத்திரம்), கடைசியாகப் புதுப்பித்த காப்புறுதிப் பத்திரம், சர்வீஸ் புத்தகம் அல்லது பட்டறை ரசீதுகள், கடன் பாக்கி இருந்தால் வங்கியின் கடன் கணக்கு எண் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். டார்ச் விளக்கு, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் சிறிய காந்தம், பழைய துணி, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவையும் தேவைப்படும்.

காரைப் பார்க்கும் நாளுக்கு முந்திய இரவு அதை யாரும் ஓட்டக் கூடாது. பழைய எஞ்சினின் குறைகள் குளிர்ந்த நிலையில்தான் வெளிப்படும். சூடேறிய எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். மழை நாளையும் தவிருங்கள், ஏனெனில் ஈரமான பெயிண்ட் எல்லாமே ஒரே நிறமாகத் தெரியும்.

2. கெரானைப் படித்தல்

கெரானில் தயாரிப்பு ஆண்டும் முதல் பதிவுத் தேதியும் தனித்தனியாக இருக்கும். ஆண்டின் இறுதியில் தயாராகி மறு ஆண்டு ஜனவரியில் பதிவான கார்கள் உண்டு. உரிமையாளர் பதிவு ஆண்டைச் சொல்வார், கார் கடைக்காரர் தயாரிப்பு ஆண்டைப் பிடித்துக்கொள்வார். பின்னர் ஒப்பீட்டுப் பட்டியல் போடும்போது தயாரிப்பு ஆண்டையே அளவாகக் கொண்டால், பேரம் பேசும் நாளில் உங்கள் விலை சரியாது.

எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் காரில் உள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பழைய எஞ்சினை எடுத்துவிட்டு ஹாஃப்கட் கடையில், அதாவது வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடையில், வாங்கிய எஞ்சினைப் போட்டிருந்தால் அந்த மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவில், அதாவது ஜேபிஜேயில், பதிவாகி இருக்க வேண்டும். பதிவாகாத எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், உரிமை மாற்றத்துக்கான பி5 சோதனையில் கார் நின்றுவிடும். பெயர் மாற்ற முடியாத காருக்கு, உதிரிப் பாகங்களுக்காக வாங்குபவர் கொடுக்கும் விலையைத் தவிர வேறு விலை கிடையாது.

வங்கியின் உரிமைக் கோரிக்கை கெரானில் இருந்தால், கடனை அடைக்கும் தொகையை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மீதமுள்ள மாதங்களை மாதத் தவணையால் பெருக்கிப் பார்ப்பது இங்குப் பலரும் செய்யும் தவறு. முன்கூட்டியே அடைக்கும்போது வட்டியில் தள்ளுபடி உண்டு என்பதால், அந்தப் பெருக்கல் கடனைப் பெரிதாகக் காட்டி, கையில் கிடைக்கும் மிச்சத்தைக் குறைத்துக் காட்டும். சம்மன் பாக்கிகளையும் கறுப்புப் பட்டியல் நிலையையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

3. எந்த விலையைத் தேடுகிறீர்கள்?

ஒரே காருக்கு ஒரே நாளில் நான்கு விலைகள் உண்டு. ஒருவருக்கொருவர் நேரடியாக விற்கும் விலை, கார் கடைக்காரர் வாங்கும் விலை, காப்புறுதிப் பத்திரத்தில் உள்ள சந்தை மதிப்பு, பொத்தோங் கடைக்காரர் கழற்றி விற்பதற்காகக் கொடுக்கும் விலை ஆகியவையே அவை.

காப்புறுதியில் உள்ள தொகை இழப்பீட்டுக்காகக் குறிக்கப்பட்டது. உங்கள் காரை எவரும் நேரில் பார்த்து அதை எழுதவில்லை. ஆகவே அந்தத் தாளைக் காட்டி விலை பேசாதீர்கள். பொத்தோங் விலை தரைமட்டம் போன்றது; உங்கள் கணக்கு அதற்குக் கீழே சென்றால், காரைப் பழுது பார்த்து விற்பதில் பொருளில்லை. இந்த வழிகாட்டி நேரடி விற்பனை விலையைக் கணக்கிடுகிறது; கடைக்காரர் விலையை அதிலிருந்து பின்னர் வருவித்துக்கொள்ளலாம்.

4. ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தல்

முடா, கார்லிஸ்ட் போன்ற விளம்பரத் தளங்களில் உங்கள் காரின் அதே மாடல், அதே தலைமுறை, அதே எஞ்சின், அதே கியர் வகை கொண்ட கார்களில் குறைந்தது எட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைமுறை என்பதில் கவனம் வேண்டும். 2005-இல் வந்த பெரோடுவா மைவி காருக்கும், 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கும், 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறைக்கும் பெயர்தான் ஒன்று. வாங்க வருபவர்களும் விலையும் வேறு. தயாரிப்பு ஆண்டில் ஓராண்டு முன்பின் இருக்கலாம். பேராக்கில் போதிய கார்கள் கிடைக்காவிட்டால் பினாங்கு, சிலாங்கூர் விளம்பரங்களையும் சேர்க்கலாம்.

மூன்று வகை விளம்பரங்களைத் தயங்காமல் நீக்குங்கள். மாதத் தவணையையோ முன்பணத்தையோ விலைபோல் போட்டிருப்பவை முதல் வகை. அடுத்தது சம்போங் பாயார், அதாவது வங்கிக்குத் தெரியாமல் பிறர் கடனைத் தொடர்ந்து கட்டும் ஏற்பாடு. அது சட்டத்துக்குப் புறம்பானது, கெரானும் பெயர் மாறாது, எனவே அங்குள்ள தொகை காரின் விலையே ஆகாது. லங்காவி, லாபுவான் போன்ற தீர்வையற்ற இடங்களின் கார்கள் மூன்றாம் வகை.

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. விற்ற விலை எங்கும் எழுதப்படுவதில்லை. பட்டியலை இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் இந்த இடைவெளி ஓரளவு தெரியவரும். ஒரு வாரத்தில் மறைந்த விளம்பரத்தின் விலை, சந்தை ஏற்ற விலைக்கு அருகில் இருந்திருக்கும். அதே படத்தோடு இரண்டாம் முறை விலை குறைந்து நிற்கும் கார், முதல் விலை தவறு என்பதற்குச் சாட்சி. பொறுமை இல்லாதவர்கள் இந்த இரண்டு வாரத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து மொத்த வேலையிலும் இதைவிடப் பயனுள்ள காத்திருப்பு வேறில்லை.

உதாரணத்துக்கு, எட்டுக் கார்களின் கேட்கும் விலை 21,000, 17,500, 16,800, 16,000, 15,900, 15,500, 14,900, 9,500 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். இவை முறையைக் காட்டுவதற்கான எண்களே. மேலே உள்ள ஒன்றையும் கீழே உள்ள ஒன்றையும் விட்டுவிட்டு, எஞ்சிய ஆறின் நடுவில் உள்ள இரண்டின் சராசரியை எடுத்தால் 15,950 வெள்ளி வரும். பேரத்தில் குறைவதற்காக நான் ஏழு விழுக்காடு கழிப்பது வழக்கம். இரண்டு வாரக் கவனிப்பில் வேறு அளவு தெரிந்தால் அதையே கொள்ளுங்கள். கிடைப்பது ஏறத்தாழ 14,800 வெள்ளி. இதை அடிப்படை விலை என்போம்.

5. காரை நேரில் பார்த்தல்

அடிப்படை விலையை நோட்டில் எழுதிய பிறகே காரின் அருகே செல்லுங்கள். நம் தோட்டப்புறத்துக் கார்களுக்கென்று சில தனிக் குறைகள் உண்டு, நகரத்து வழிகாட்டிகள் அவற்றைப் பேசுவதில்லை, அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பின்பெட்டியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, உதிரி டயரையும் வெளியே எடுங்கள். கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், ஏற்றிய காரில், எத்தனை முறை கழுவினாலும், வெயிலில் சிறிது நேரம் நின்றதும் அந்தப் புளித்த வாடை எழும். பாலை உறைய வைக்கும் அமிலமும் உர மூட்டையிலிருந்து சிந்தும் பொட்டாஷ் உப்பும் தகரத்தைத் தின்னக்கூடியவை. டயர் உட்காரும் குழியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பெயிண்ட் அப்பளம்போல் நொறுங்கினால், அடியில் தகரம் பாதிதான் மிச்சம். செம்பனைக் காட்டுக்குள் ஓடிய காரில் சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் லோவர் ஆர்ம் புஷ்களும் அப்சோர்பர்களும் வயதுக்கு முன்பே தளர்ந்திருக்கும். மேட்டில் ஏறி இறங்கும்போது வரும் 'டொக்' என்ற சத்தத்தை, வானொலியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

செம்மண் தூசியையும் வெள்ளத்துச் சேற்றையும் குழப்பிக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. தோட்டத்துத் தூசி உலர்ந்தது, துடைத்தால் போய்விடும், காற்று நுழையும் இடங்களில்தான் இருக்கும். வெள்ளச் சேறு தூசி எட்டாத இடத்தில் கோடாகப் படிந்திருக்கும். இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்து அதன் அடி நுனியைப் பாருங்கள். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தின் துருவையும் பாருங்கள். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது மூழ்கிய கார்கள் ஏராளம். மூழ்கிய கார் தொலைவான ஊரில் கைமாறுவது எளிது என்பதால், இந்தச் சோதனையை நம்மூரில் விட்டுவிட வேண்டாம்.

உடலுக்குக் காந்தமும் கண்ணும் போதும். காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவு, சக்கர வளைவு, கூரைத் தூண் என்று நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பூச்சு மாவு நிரப்பப்பட்டிருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே காந்தம் எப்படியும் ஒட்டாது. அதைக் கண்டு பதறிய ஒருவரை எனக்குத் தெரியும். முன் ஃபெண்டரையும் பொனட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் சாவி பட்ட கீறல் இருந்தால் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. இது மட்டும் குற்றமாகாது. ஆனால் உள்ளே சேசிஸ் கால்களில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டிய காருக்குக் கழிவுக் கணக்குப் போட முடியாது, அதன் விலை பொத்தோங் விலைதான்.

இனி எஞ்சின். முதலில் எண்ணெய் மூடியைத் திறந்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் குழம்பு அப்பியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலக்கிறதா என்று பட்டறை மெக்கானிக்கான ஃபோர்மனிடம் காட்டியே ஆக வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஒருவர் பின்னால் நின்று புகையைக் கவனிக்கட்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், எஞ்சின் சூடேறிய பின்னும் நிற்காத வெள்ளைப் புகை தண்ணீர் உள்ளே போவதையும் குறிக்கும். ஆட்டோ கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு பின்னோக்கும் கியருக்கும் முன்னோக்கும் கியருக்கும் மாற்றி, கார் பிடிப்பதற்கு ஆகும் நேரத்தை எண்ணுங்கள். இரண்டு நொடிக்கு மேல் தயங்கினாலோ உதைத்தாலோ, கியர்பாக்ஸ் செலவு மற்ற எல்லாச் செலவையும் விழுங்கிவிடும்.

மீட்டரில் உள்ள கிலோமீட்டரைத் தனியாக நம்பாதீர்கள். ரசீதுகளில் தேதியோடு எழுதிய கிலோமீட்டர்களை வரிசைப்படுத்தினால் அவை ஏறுமுகமாகவே இருக்க வேண்டும். ரசீது இல்லாத இடத்தில் பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் வழவழப்பு, ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் ஆகியவை சாட்சி சொல்லும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள்.

6. கழிக்க வேண்டியதும், இருமுறை கழிக்கக் கூடாததும்

கண்டறிந்த குறைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் பாகம், கூலி இரண்டும் சேர்த்து விலை கேளுங்கள். அனுமானத்தில் எழுதும் செலவு, விற்பவர் எழுதினால் குறைவாகவும் வாங்குபவர் எழுதினால் அதிகமாகவும் இருக்கும்.

இந்த வேலையில் நுணுக்கமான இடம் இதுதான். உங்கள் ஒப்பீட்டுப் பட்டியலில் உள்ள கார்களும் பழைய கார்களே. அவற்றின் டயர்களும் தேய்ந்திருக்கும், பேட்டரியும் பாதி வயதில் இருக்கும், இருக்கைத் துணியும் வெளுத்திருக்கும். வயதுக்கு இயல்பான தேய்மானம் அடிப்படை விலைக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. அதை மீண்டும் கழித்தால் சொந்தக் காரை நீங்களே மலிவாக்குகிறீர்கள். அந்த வயதுக் கார்களில் பாதிக்கு மேல் இருக்காது என்று ஃபோர்மன் சொல்லும் குறையை மட்டுமே கழியுங்கள்.

நம் உதாரணத்தில் ஏர்கோன் கம்ப்ரசருக்கு 900, முன் அப்சோர்பருக்கும் லோவர் ஆர்முக்கும் 650, பின்பெட்டித் தகரத்துக்கு 400 என மொத்தம் 1,950 வெள்ளி. தேய்ந்த டயர்களுக்கு எதையும் கழிக்கவில்லை. 14,800-இலிருந்து 1,950 போக 12,850 வெள்ளி நிற்கிறது.

பி5 சோதனையில் தவறச் செய்யும் குறைகளை மட்டும் தனியே எழுதி, விற்குமுன் நீங்களே சரிசெய்துவிடுவது நல்லது. முன் கண்ணாடியில் 70 விழுக்காடும், முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. அதைவிடக் கறுப்பான படலத்தை உரித்துவிடுங்கள். சோதனையில் ஒருமுறை தவறிய கார் என்று தெரிந்தால், வாங்குபவர் அந்தச் சிறு செலவை மட்டும் குறைக்க மாட்டார், அச்சத்துக்கும் சேர்த்துக் குறைப்பார்.

7. கூட்டத் தகுந்தவை மிகச் சில

முதல் உரிமையாளரிடமே இருந்த கார், முழுமையான ரசீதுகள், உண்மையென்று காட்டக்கூடிய குறைந்த ஓட்டம் ஆகியவற்றுக்குச் சில நூறு வெள்ளி கூட்டலாம். ஸ்போர்ட் ரிம், ஒலிபெருக்கி, இருக்கை உறை ஆகியவற்றுக்குக் கூட்டாதீர்கள்; உங்களுக்குப் பிடித்தது வாங்குபவருக்குக் கழற்றி எறிய வேண்டிய பொருளாக இருக்கலாம்.

புதுப் பெயிண்ட் விலையைக் கூட்டாது, சில வேளை குறைத்தும் விடும். தோட்டத்தில் மண்டோராக (வேலை மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, விற்பதற்கு முந்திய மாதம் 2,800 வெள்ளி செலவழித்துத் தம் காருக்கு முழுப் பெயிண்ட் அடித்தார். வந்து பார்த்த மூவரும் கேட்ட முதல் கேள்வி, கார் எங்கே மோதியது என்பதுதான். "ஏன்டா தம்பி, வெயில்ல வெளுத்ததுக்கு அடிச்சேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறானுங்களே!" என்று அவர் இன்றும் ஆறாமல் சொல்வார். பழைய பெயிண்டின் படங்கள் இருந்திருந்தால் அந்தச் சந்தேகம் எழுந்திருக்காது.

அழகான பதிவு எண்ணுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதைக் கார் விலையோடு கலக்காமல் தனியாகக் கணக்கிடுங்கள், ஏனெனில் எண்ணை வேறு வாகனத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

8. எஞ்சின் அளவும் கடனும்

பழைய காரை வாங்குபவர் ஆண்டுச் செலவையும் பார்க்கிறார். தீபகற்பத்தில் தனியார் செடான் காருக்கு ரோட் டேக்ஸ் 1,000 சிசி வரை 20 வெள்ளி, 1,300 சிசி காருக்கு 70, 1,600 வரை 90 வெள்ளி. 2,000 சிசி காருக்கு அதுவே 380 ஆகவும், 2,400 சிசி காருக்கு 780 ஆகவும் ஏறுகிறது. புதிதாக இருந்தபோது மைவியைவிடப் பன்மடங்கு விலைக்கு விற்ற பெரிய செடான், பதினைந்து ஆண்டுக்குப் பின் அதே மைவியோடு விலையில் போட்டியிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் காரும் அந்த வகையென்றால், புது விலையிலிருந்து விழுக்காடு கழித்துவரும் சூத்திரம் எதையும் பயன்படுத்தாதீர்கள்; ஒப்பீட்டுப் பட்டியல் மட்டுமே உதவும்.

காரின் வயது கூடக்கூட வங்கிக் கடன் கிடைப்பது அரிதாகும். கடன் கிடைக்காத காரை ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும். ஆள் குறைந்தால் விலையும் இறங்கும். உங்கள் மாடலின் அந்த ஆண்டுக்குக் கடன் தருகிறார்களா என்று கார் கடையில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

9. கடைக்காரர் விலையோடு சரிபார்த்தல்

ஈப்போவில் இரண்டு, உள்ளூரில் ஒன்று என மூன்று கடைகளில் காரைக் காட்டி விலை கேளுங்கள். உங்கள் கணக்கைச் சொல்லாதீர்கள், அவர்களைப் பேச விடுங்கள். பழுது, சோதனை, காட்சிக்கு வைக்கும் நாட்கள், லாபம் ஆகியவற்றைத் தவுக்கே (கடை முதலாளி) தம் விலையிலேயே கழித்துக்கொள்வார் என்பதால், நம் உதாரணத்துக் காருக்கு 10,000 முதல் 11,000 வெள்ளி வரை சொன்னால் அது நியாயமே. மூவரும் ஏறத்தாழ ஒரே தொகையைச் சொல்லி, அது உங்கள் கணக்கிலிருந்து மிக விலகி இருந்தால், நீங்கள் காணாத குறை ஒன்றை அவர்கள் கண்டிருக்கிறார்கள். என்னவென்று நேராகக் கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

10. விலையை எழுதுதல்

கிடைத்த 12,850-ஐ ஒற்றைத் தொகையாகப் பிடித்துக்கொள்ளாமல், 12,300 முதல் 13,300 வரை என்று வரம்பாக எழுதுங்கள். விளம்பரத்தில் 13,800 போடலாம். 12,300-க்குக் கீழே இறங்குவதில்லை என்பதை வீட்டில் இருப்பவர்களோடு முன்பே பேசி முடித்துவிடுங்கள், ஏனெனில் ரொக்கத்தை எண்ணி மேசைமேல் வைப்பவரின் முன்னால் எடுக்கும் முடிவு சரியாக இருப்பதில்லை. ஒரு மாதத்தில் விற்காவிட்டால் ஒப்பீட்டுப் பட்டியலைப் புதிதாகப் போடுங்கள். பழைய பட்டியலில் சில நூறுகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறைப்பது கணக்காகாது.

காப்புறுதியின் என்சிடி, அதாவது இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடி, உங்களுடையது, காரோடு சேர்ந்து போவதில்லை. 55 விழுக்காடு வரை எட்டியிருக்கும் அந்தத் தள்ளுபடியை விலையில் சேர்த்துப் பேசாமல், அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பணம் கைக்கு வந்தாலும், ஜேபிஜேயில் பெயர் மாறும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்; அதுவரை வரும் சம்மன்கள் எல்லாம் உங்கள் பெயருக்கே வரும்.